இழை தயார், நுனிதான் தடை: உடலுக்குள் குளுக்கோஸ் அளக்கும் ஒளியிழை உணரிகள்

ஒளியிழை மனித உடலுக்குப் புதிய விருந்தாளி அல்ல. இரைப்பையை உள்நோக்கிப் பார்க்கும் கருவிகளில் அது பல பத்தாண்டுகள் இருந்தது. தலைக்காயம் பட்டவரின் மண்டையோட்டுக்குள் அழுத்தத்தை அளக்க அதை நுழைக்கிறார்கள். நுரையீரல் தமனிக்குச் செல்லும் வடிகுழாயில் அமர்ந்து, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று அது சொல்கிறது. இதயத்துக்குத் துணையாகப் பெருந்தமனியில் வைக்கப்படும் பலூன் வடிகுழாயில் ரத்த அழுத்தத்தையும் அதுவே அளக்கிறது. இத்தனை இடங்களில் அன்றாடக் கருவியாகிவிட்ட ஒளியிழை, உலகில் மிக அதிகமாக அளக்கப்படும் உடற்பொருள்களில் ஒன்றான குளுக்கோஸை அளப்பதில் மட்டும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி நிலைபெறவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான ஆய்வும் ஏராளமான கட்டுரைகளும் இருந்தும், இன்று நீரிழிவு நோயாளியின் கையில் ஒட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் மின்வேதியியல் உணரிதான்.

இதற்குக் காரணம் ஒளியிழையின் குறைபாடு என்று எண்ணிவிடக் கூடாது. நவீன கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டர் பயணம் செய்தாலும் இழப்பு சுமார் 0.2 டெசிபெல்தான், உடலுக்குத் தேவைப்படும் ஒரு மீட்டர் நீளத்தில் அந்த இழப்பு கணக்கிலேயே வராது. சிக்கல் முழுவதும் இழையின் நுனியில் இருக்கிறது. அங்கே எந்த வேதிப்பொருள் சர்க்கரையை அடையாளம் காண்கிறது, அந்த வேதிப்பொருளை உடல் எத்தனை நாள் விட்டுவைக்கிறது என்ற இரண்டு கேள்விகளே இத்துறையின் வரலாற்றைத் தீர்மானித்திருக்கின்றன.

அளவுகோல்

முதலில், என்ன அளக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். வெறும் வயிற்றில் நலமுள்ளவரின் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 முதல் 100 மி.கி. வரை இருக்கும். நீரிழிவு உள்ளவருக்கு அது 40-க்குக் கீழே இறங்கவும் 400-ஐத் தாண்டவும் கூடும். இந்தப் பரந்த எல்லை முழுவதிலும் உணரி நம்பகமாக இருக்க வேண்டும். குறிப்பாகத் தாழ்சர்க்கரையில் தவறவே கூடாது, ஏனென்றால் உயிருக்கு உடனடி ஆபத்து அங்கேதான். வீட்டில் பயன்படும் குத்திப் பார்க்கும் கருவிகளுக்கு ஐ.எஸ்.ஓ. 15197 தரநிலையின் 2013 பதிப்பு வைத்த விதி இது: நூறு அளவீடுகளில் 95, உண்மை மதிப்பிலிருந்து 15 மி.கி.க்குள் இருக்க வேண்டும். சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் 15 சதவீதத்துக்குள்.

தொடர்ச்சியாக அளக்கும் உணரிகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை ரத்தத்தில் அமர்வதில்லை. தோலுக்கடியில், செல்களுக்கிடையே உள்ள திசுத்திரவத்தில் அமர்கின்றன. அங்கே சர்க்கரை ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் தாமதித்தே ஏறி இறங்கும். உணரியின் சொந்தத் தாமதமும் சேர்ந்தால், வேகமாகச் சரியும் சர்க்கரையைப் பிடிப்பது கடினமாகிறது.

மின்வேதியியல் வழி 1962-இல் தொடங்கியது. லேலண்ட் கிளார்க்கும் சேம்ப் லயன்ஸும் ஆக்சிஜன் மின்முனையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியை வைத்துச் சர்க்கரையை அளக்கும் யோசனையை முன்வைத்தார்கள். இன்றைய குத்திப் பார்க்கும் பட்டைகளும், கையில் ஒட்டும் பதினான்கு நாள் உணரிகளும் அந்த வழியின் வாரிசுகளே. ஒளியை நம்பியவர்கள் போட்டியிட வேண்டியிருந்தது இந்த வழியோடுதான்: மலிவான, ஓயாமல் மெருகேறிவந்த ஒரு தொழில்நுட்பத்தோடு.

ஒளி தந்த நம்பிக்கைகள்

போட்டியில் இறங்க அவர்களுக்கு நல்ல காரணங்கள் இருந்தன. ஒளியிழை உணரியில் நோயாளியின் உடலுக்குள் மின்சாரம் செல்வதில்லை. அறுவை அரங்கின் மின்காந்த இரைச்சலும் எம்.ஆர்.ஐ. காந்தப் புலமும் அதைப் பாதிப்பதில்லை. முடியளவு மெல்லிய இழையின் நுனியில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களை அளக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, அளக்கும் பொருளைச் செலவழிக்காமலே அளக்கும் வாய்ப்பு. மின்முனை சர்க்கரையை எரித்துத்தான் அளக்கிறது. ஒளிரும் சாயமோ சர்க்கரை ஒட்டியதா இல்லையா என்று சொன்னால் போதும்.

1975-இல் ஜெர்மனியின் லூபர்ஸும் ஓபிட்ஸும் வாயுக்களை ஒளிர்வால் அளக்கும் உணரியைக் காட்டினார்கள். 1980-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜான் பீட்டர்சன் குழு, உடலுக்குள் செலுத்தத்தக்க ஒளியிழை பி.எச். உணரியை வெளியிட்டது. சர்க்கரைக்கான முயற்சிகள் இவற்றைத் தொடர்ந்து வந்தன. அவற்றை மூன்று வழிகளாகப் பிரிக்கலாம்.

முதல் வழி: நொதி

முதல் வழி கிளார்க்கின் யோசனையை ஒளிக்கு மாற்றியது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் சர்க்கரையை ஆக்சிஜனேற்றம் செய்யும்போது சுற்றியுள்ள ஆக்சிஜன் குறைகிறது. ருத்தேனியம் சேர்மங்கள் போன்ற சில சாயங்களின் ஒளிர்வை ஆக்சிஜன் அணைக்கும். ஆக்சிஜன் குறைந்தால் ஒளிர்வு கூடும். ஆகவே, இழையின் நுனியில் சாயத்தையும் நொதியையும் அடுக்கினால், சர்க்கரை கூடக் கூட நுனி பிரகாசிக்கும். 1988-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ட்ரெட்னாக், லைனர், வுல்ஃப்பைஸ் ஆகியோர் இப்படியொரு உணரியை விரிவாக விவரித்தார்கள். 1996-இல் மிச்சிகனில் ரோசன்ஸ்வைக்கும் கோபெல்மனும் நுனியை மைக்ரோமீட்டர் அளவுக்குச் சுருக்கினார்கள். நுனி சிறுத்ததால், மெல்லிய படலத்துக்குள் சர்க்கரை விரைவில் ஊடுருவி, உணரியின் வேகம் பெருகியது.

ஆனால் இந்த வழிக்கு அடிப்படையிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. திசுவில் ஆக்சிஜன், சர்க்கரையைவிடப் பல பத்து மடங்கு குறைவு. சர்க்கரை ஏறும்போது நொதிக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. அப்போது உணரி சர்க்கரையை அளக்காமல் ஆக்சிஜன் பற்றாக்குறையை அளக்கத் தொடங்கிவிடும். நோயாளியின் திசுவில் ஆக்சிஜன் தானாகவே ஏறி இறங்கினாலும் அது சர்க்கரை மாற்றமாகத் தெரியும். நொதியில்லாத இரண்டாவது உணரியை அருகில் வைத்து ஆக்சிஜனைத் தனியே அளந்து கழிப்பது ஒரு பரிகாரம். சர்க்கரையைத் தடுத்து ஆக்சிஜனைத் தாராளமாக விடும் படலம் இன்னொன்று. இவற்றுக்கு மேல், வினையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு நொதியையே மெல்லச் சிதைக்கிறது.

இரண்டாம் வழி: பற்றிக்கொள்ளும் புரதம்

நொதியின் இந்தச் சிக்கல்களைத் தாண்ட ஜெரோம் ஷுல்ட்ஸ் வேறொரு பாதையைத் தேர்ந்தார். 1982-இல் முன்வைத்து, 1984-இல் மன்சூரியுடன் சிறு ஒளியிழைக் கருவியாக்கிக் காட்டிய அந்த முறை, இன்றைக்கும் இத்துறையின் மிக அழகான சிந்தனைகளில் ஒன்று. வாளவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அவரையின் விதையிலிருந்து கிடைக்கும் புரதம் கொன்கனாவலின் ஏ. அது சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இந்தப் புரதத்தை ஒரு நுண்குழலின் உட்சுவரில் ஒட்டி, உள்ளே ஒளிரும் சாயம் பூசிய டெக்ஸ்ட்ரான் மூலக்கூறுகளை விட்டார்கள். டெக்ஸ்ட்ரானும் சர்க்கரைச் சங்கிலிதான். அதுவும் புரதத்தைத் தேடி ஒட்டிக்கொள்ளும். குழலின் சுவர் வழியே உடலின் குளுக்கோஸ் உள்ளே வரலாம். பெரிய டெக்ஸ்ட்ரான் வெளியேற முடியாது. இனி நடப்பது இசை நாற்காலிப் போட்டி: குளுக்கோஸ் கூடினால் டெக்ஸ்ட்ரான் தன் இடத்தை இழந்து குழலின் நடுவே மிதக்கும். இழை அந்த நடுப்பகுதியை மட்டும் பார்க்கிறது. ஒளிர்வு கூடியிருந்தால் சர்க்கரை கூடியிருக்கிறது.

இங்கே எதுவும் எரிக்கப்படவில்லை, ஆக்சிஜனுக்கு வேலையில்லை. சமநிலை தானாகவே முன்னும் பின்னும் நகர்கிறது. பின்னர் ஷுல்ட்ஸ் குழு இரண்டு சாயங்களுக்கிடையே ஆற்றல் கைமாறும் முறையையும் இதில் புகுத்தியது. ஜெர்மனியின் ஐசென்ஸ் நிறுவனம் இதே புரத வேதியியலை நெகிழி ஒளியிழையின் நுனியில் பொதித்து, தோல் வழியே செருகும் உணரியாக்கியது. நீரிழிவு நோயாளிகளிடம் அதைச் சோதித்த முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. இழை உடலுக்குள்ளும் விளக்கும் உணரும் கருவியும் வெளியேயும் இருக்கும் வடிவம் மனிதரிடம் வேலை செய்யும் என்பது அதில் உறுதியாயிற்று.

ஆனாலும் கொன்கனாவலின் ஏ முழு நம்பிக்கைக்குரிய கூட்டாளி அல்ல. காலப்போக்கில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று திரண்டு செயலிழக்கும். மானோஸ் என்ற வேறொரு சர்க்கரையையும் அது பற்றும். உடலுக்கு அந்நியமான புரதம் என்பதால், அது கசியாதபடி அடைத்துவைக்க வேண்டிய பொறுப்பும் சேர்கிறது.

மூன்றாம் வழி: போரான்

புரதமே வேண்டாம், ஆய்வுக்கூடத்தில் தொகுத்த சிறு மூலக்கூறே போதும் என்றவர்கள் போரானிக் அமிலங்களைப் பிடித்தார்கள். சர்க்கரைகளின் அடுத்தடுத்த ஹைட்ராக்சில் தொகுதிகளோடு இவை மீளக்கூடிய பிணைப்பை உண்டாக்கும் என்பது 1950-களிலேயே அளந்து அறியப்பட்டிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் யூனும் சார்னிக்கும், ஜப்பானில் ஷின்காயும் டோனி ஜேம்ஸும் அதை ஒளிரும் ஆந்த்ரசீனோடு இணைத்தார்கள். மூலக்கூறில் உள்ள நைட்ரஜனின் இலத்திரன்கள் வழக்கமாக ஒளிர்வை அணைத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை ஒட்டியதும் அந்த இலத்திரன்கள் போரான் பக்கம் கட்டுண்டு, அணைப்பு நின்று, சாயம் ஒளிரும்.

போரானிக் அமிலம் தனியாக இருந்தால் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸையே அதிகம் விரும்பும். ரத்தத்தில் ஃபிரக்டோஸ் மிகக் குறைவு என்பதும், இரண்டு போரான் தொகுதிகளைச் சரியான இடைவெளியில் அமைத்தால் குளுக்கோஸ் பொருந்திக்கொள்ளும் என்பதும் வேதியியலாளரைக் காப்பாற்றின. நொதியைப் போல வெப்பத்தில் கெடாது. தொழிற்சாலையில் கிருமிநீக்கம் செய்வதும் எளிது. மூன்று வழிகளில் மனித உடலில் நெடுநாள் தாக்குப்பிடித்தது இதுதான்.

ஒளிவிலகல் எண்ணின் மாயை

இந்த மூன்றையும் விட்டு, இன்று கட்டுரைகளின் எண்ணிக்கையில் முன்னிற்பது நான்காவது ஒரு வகை. இழையில் பிராக் கீற்றணிகள் பொறிப்பது, இழையின் உறையைச் சீவி மெலிதாக்குவது, யு வடிவில் வளைப்பது, தங்கம் அல்லது வெள்ளிப் படலம் பூசி பிளாஸ்மான் ஒத்ததிர்வைத் தூண்டுவது எனப் பல உத்திகள் இதில் அடங்கும். ஒளியிழையில் பிளாஸ்மான் உணரியை 1993-இல் ஜார்கென்சனும் யீயும் செய்து காட்டினார்கள். டெல்லி ஐ.ஐ.டி.யில் பி.டி. குப்தாவின் குழு, இப்படிப்பட்ட இழையில் குளுக்கோஸ் ஆக்சிடேஸைப் பொதித்துக் குறைந்த அளவுச் சர்க்கரையையும் அளந்தது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே: இழையைச் சுற்றியுள்ள திரவத்தின் ஒளிவிலகல் எண் மாறினால் ஒளியின் நிறமாலை நகரும்.

இவற்றில் சர்க்கரையைப் பற்றும் ஏற்பி ஏதும் இல்லாமல், சர்க்கரைக் கரைசலில் இழையை முக்கி, நிறமாலை நகர்வதைக் காட்டி, மருத்துவப் பயன் உண்டு என்று முடிக்கும் கட்டுரைகளும் ஏராளம். அந்த முடிவை எளிய கணக்கு ஒன்றே கலைத்துவிடும். சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 மி.கி. கூடினால் நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 0.00014 கூடும். உடல் வெப்பத்தையொட்டி நீரின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் அதே எண் சுமார் 0.0001 மாறும். ஆகவே, இழைக்குத் தனியே வெப்பத் திருத்தம் இல்லையென்றால், லேசான காய்ச்சல்கூடச் சர்க்கரை 70 மி.கி.க்கு மேல் மாறிவிட்டதுபோலக் காட்டும். புரதங்கள் இன்னும் மோசம். ஒரே எடைக்கு அவை சர்க்கரையைவிட அதிகமாக ஒளிவிலகலை மாற்றுகின்றன. ரத்த நீர்மத்தில் டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் புரதம் இருக்கிறது. படுத்திருந்தவர் எழுந்து நின்று சிறிது நேரம் ஆனாலே அதன் செறிவு 10 சதவீதம் வரை கூடக்கூடும். ஏற்பியற்ற இழை அதை 500 மி.கி.க்கு மேற்பட்ட சர்க்கரை ஏற்றமாகப் படிக்கும்.

வெற்று ஒளிவிலகல் உணரி எவ்வளவு நுட்பமானதானாலும் உடலுக்குள் பயனற்றது என்பதே இதன் பொருள். அது எதைப் பார்க்கிறது என்று அதற்கே தெரியாது. ஏற்பியைப் பூசினால்தான் பொருளுண்டு. ஏற்பியைப் பூசியதும், மேலே சொன்ன நொதி, புரதம், போரான் சிக்கல்கள் அப்படியே திரும்பி வருகின்றன. கூடவே, நிறமாலையின் நுண்ணிய நகர்வைப் படிக்கும் கருவிக்கு லட்சங்களில் செலவாகும். ஒளிர்வைப் படிக்க ஓர் எல்.இ.டி.யும் ஓர் ஒளி உணரியும் போதும்.

உடல் செய்யும் எதிர்ப்பு

வேதியியல் சரியாக அமைந்த பிறகும் உடல் இருக்கிறது. உணரி உள்ளே நுழைந்த சில நிமிடங்களிலேயே புரதங்கள் அதன் மேல் படிகின்றன. பிறகு அழற்சிச் செல்கள் வந்து சூழ்ந்து, ஆக்சிஜனேற்றும் வேதிப்பொருள்களை உமிழ்கின்றன. போரானிக் அமிலத்தைச் சிதைப்பவை இவையே. சில வாரங்களில் நார்த்திசு உறையொன்று உருவாகி, ரத்த நாளங்களிலிருந்து உணரியைப் பிரித்து வைக்கிறது. உணரி கெடவில்லை, ஆனால் அதன் அருகே வரும் சர்க்கரை உடலின் சர்க்கரை இல்லை என்ற நிலை.

ஒளிக்கே உரிய தொல்லைகளும் உண்டு. சாயம் ஒளிபட்டுப் பட்டு வெளுக்கும். அது சர்க்கரை குறைந்ததுபோலத் தெரியும். பிரகாசத்தை அளக்காமல் ஒளிர்வு மறைய எடுக்கும் நேரத்தை அளப்பது இதற்கு நல்ல மாற்று. சாயத்தின் அளவு குறைந்தாலும் அந்த நேரம் பெரிதாக மாறாது. நீல, புற ஊதா ஒளியில் திசுவே சற்று ஒளிரும் என்பதால், சிவப்புப் பக்கம் வேலை செய்யும் சாயங்களைத் தேடுகிறார்கள். தோலைத் துளைத்து நிற்கும் இழை கிருமிக்கு வழிவிடுகிறது. கை அசையும்போதெல்லாம் நுனி திசுவை உரசி அழற்சியை வளர்க்கிறது.

இழையைத் துறந்த வெற்றி

ஒளிவழிக் குளுக்கோஸ் உணரிகளில் சந்தையை எட்டிய பெரும் வெற்றி எவர்சென்ஸ். மேற்கையின் தோலுக்கடியில் பொதியும் சிறு உருளை அது. சுமார் 18 மி.மீ. நீளம். அதன் வெளிப்பரப்பில் போரானிக் அமிலச் சாயம் ஏந்திய கூழ்மம், உள்ளே எல்.இ.டி.யும் ஒளி உணரிகளும். தோலின் மேல் ஒட்டிய கருவி கம்பியில்லாமல் அதற்கு மின்சாரம் தந்து அளவைப் படிக்கிறது. அழற்சியை அடக்க டெக்ஸாமெத்தசோன் கசியும் வளையம் ஒன்றும் உண்டு. அமெரிக்க மருந்து நிர்வாகம் இதற்கு 2018-இல் 90 நாளுக்கும், 2022-இல் 180 நாளுக்கும், 2024-இல் ஓராண்டுக்கும் அனுமதி தந்தது. 180 நாள் பதிப்பின் சராசரிப் பிழை சுமார் 8.5 சதவீதம், நல்ல மின்வேதியியல் உணரிகளுக்கு இணை. டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லி உட்கொள்பவரிடம் அளவு தவறலாம் என்ற எச்சரிக்கையும் அதற்கு உண்டு.

இந்தக் கருவியில் ஒளியிழையே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. விளக்கும் கண்ணும் அரிசியளவுக்குச் சிறுத்துவிட்டபோது, ஒளியை வெளியிலிருந்து உள்ளே கொண்டுசெல்லும் வேலை தேவையற்றுப்போனது. தோலைத் துளைத்து நிற்கும் வழியும் அடைபட்டது. கிராஸ் நகர ஆய்வாளர்கள் இன்சுலின் செலுத்தும் ஊசிக்குழலின் மேலேயே ஒளிரும் பூச்சிட்டு, தோலின் வெளியே இருந்து அதைப் படித்தபோதும் இழை விலகிக்கொண்டது. ஒளியிழை ஆய்வு வளர்த்த வேதியியல் வென்றது. அன்றாட நீரிழிவுப் பராமரிப்பில் இழை தோற்றது.

இழைக்குரிய இடம்

தோற்றாலும் இழைக்கு இடம் உண்டு. அது தீவிர சிகிச்சைப் பிரிவு. 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் மருத்துவமனையில் வான் டென் பெர்க் குழு, அறுவைத் தீவிர சிகிச்சையில் சர்க்கரையை 80 முதல் 110-க்குள் இறுக்கிப் பிடித்தால் இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6-ஆகக் குறைகிறது என்று காட்டியது. 2009-இல் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த நைஸ்-சுகர் ஆய்வு நேரெதிராக முடிந்தது: இறுக்கிப் பிடித்தவர்களில் 27.5 சதவீதமும் மற்றவர்களில் 24.9 சதவீதமும் 90 நாளுக்குள் இறந்தார்கள். கடுமையான தாழ்சர்க்கரை 0.5 சதவீதத்திலிருந்து 6.8-ஆக ஏறியது. சில மணிக்கொரு முறை ரத்தம் எடுத்து அளந்து இன்சுலினை இறுக்கினால் தாழ்சர்க்கரை கண்ணில் படாமல் நழுவும். இடைவிடாமல் ரத்தத்திலேயே அளக்கும் கருவிக்கான தேவை அதனால் கூர்மையாயிற்று.

பிரிட்டனின் கிளைஷூர், கலிபோர்னியாவின் குளூமெட்ரிக்ஸ் ஆகிய நிறுவனங்கள் அந்தத் தேவையைக் குறிவைத்தன. ஏற்கெனவே ரத்தக்குழாயில் இருக்கும் வடிகுழாய் வழியே, போரானிக் அமில வேதியியல் கொண்ட ஒளியிழையைச் செலுத்தினார்கள். இங்கே இழையின் குறைகள் எல்லாம் கரைந்துவிடுகின்றன. நோயாளி படுக்கையில் இருக்கிறார். துளை ஏற்கெனவே இருக்கிறது. சில நாள் வேலை செய்தால் போதும், நார்த்திசு உறை உருவாக நேரமில்லை. ரத்தத்திலேயே அளப்பதால் திசுத்திரவத்தின் தாமதமும் இல்லை. எஞ்சிய எதிரி ரத்த உறைவு. நுனியில் மெல்லிய உறைபடலம் படிந்தாலே அளவு பிசகும். நுனி குழாய்ச்சுவரை ஒட்டிக்கொண்டாலும் அப்படியே. மருத்துவச் சோதனைகளில் இவ்வகைக் கருவிகள் தேறினாலும் பரவலான பயன்பாட்டுக்கு வரவில்லை. வேதியியலைவிடச் செலவும், இறுக்கமான சர்க்கரைக் கட்டுப்பாட்டில் மருத்துவர்களின் ஆர்வம் தணிந்ததும் இதில் பங்கு வகித்தன என்றே கருத வேண்டும்.

எப்படி மதிப்பிடுவது?

சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் நடந்து 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. இத்தனை பேர் இருக்கும் நாட்டில், ஊசியில்லாமல் சர்க்கரை பார்க்கலாம் என்ற அறிவிப்பு ஒவ்வொன்றும் செய்தியாகிறது. குத்தாமல் சர்க்கரை சொல்வதாக விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் நம்பக் கூடாது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரிக்க வேண்டிவந்தது. ஒளியால் வெளியிலிருந்தே அளக்கும் நேர்மையான ஆய்வுகளும் நடக்கின்றன, 2020-இல் எம்.ஐ.டி. சார்ந்த குழு, பன்றிகளின் தோலில் குளுக்கோஸின் ராமன் கோடுகளை நேரடியாகவே காட்டியது. ஆய்வுக்கூடக் கருவியிலிருந்து அது கைக்கு வர நெடுந்தூரம் உண்டு.

புதிய ஒளியிழை உணரி எதையும் படிக்கும்போது நான்கு கேள்விகள் போதும். சர்க்கரையை மட்டும் அடையாளம் காணும் ஏற்பி அதில் இருக்கிறதா? சோதனை நடந்தது தூய நீரிலா, ரத்தத்திலா, விலங்கிலா, மனிதரிலா? வெப்பமும் ஆக்சிஜனும் மாறும்போது அளவு நிற்கிறதா? எத்தனை நாள் கழித்தும் அதே பிழைக்குள் இருக்கிறது? கண்டறியும் கீழெல்லை எவ்வளவு நுட்பம் என்று பெருமைப்படும் கட்டுரைகள் பல இந்த நான்கில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. உடலில் சர்க்கரை ஒருபோதும் அவ்வளவு குறைவதில்லை. நுட்பம் இங்கே பஞ்சமான சரக்கே அல்ல.

ஆகவே, அடுத்த பத்தாண்டுக்கான முதலீடு புதிய வடிவ இழைகளுக்குப் போவதைவிட, ரத்தத்தில் உறையாத பூச்சுக்கும் அழற்சியைத் தாங்கும் ஏற்பிக்கும் போவதே தகும். அவை கிடைத்தால், தீவிர சிகிச்சைப் படுக்கையில் சர்க்கரை, ஆக்சிஜன், பி.எச். மூன்றையும் ஒரே வடிகுழாயில் சொல்லும் இழைக்குத் தடையில்லை. கையில் ஒட்டிக்கொண்டு நடமாடும் நீரிழிவு நோயாளிக்கோ, இழையைவிட இழையில்லாத ஒளியே பொருத்தம்.